நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? '45 நாள் குட்டி' முதல் கடைசி தடுப்பூசி வரை... இதெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

"சார், 45 நாள் குட்டி. செம ஆக்டிவ். ரெண்டுதான் பாக்கி இருக்கு. இன்னிக்கே எடுத்தா விலை குறைச்சுத் தரேன்."

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. குட்டி தத்தித் தத்தி நடக்கிறது. பிள்ளைகள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அட்டைப் பெட்டியில் குட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. நான்காவது நாள் சாப்பிட மறுக்கிறது. ஐந்தாவது நாள் வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

குட்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று குடும்பமே குற்ற உணர்வில் தவிக்கும். உண்மையில், பிரச்னை பெரும்பாலும் அந்த அட்டைப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். எந்த வயதில் வாங்குகிறோம், அடுத்த இரண்டு மாதங்கள் எப்படிப் பாதுகாக்கிறோம் என்ற இரண்டு விஷயங்களில்தான் குட்டியின் உயிரே இருக்கிறது. அதை விளக்கமாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

என்ன வகை நாய் என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நாய் சராசரியாக 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். இன்று 5-ம் வகுப்பு படிக்கும் பிள்ளை கேட்டதற்காக வாங்கினால், அந்தப் பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போகும் வரை அது வீட்டில் இருக்கும்.

குட்டியின் விலை ஒருமுறை கொடுப்பதுதான். சாப்பாடு, தடுப்பூசி, குடல்புழு மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் ஃபீஸ், கருத்தடை அறுவை சிகிச்சை, ஊருக்குப் போனால் விட்டுச் செல்ல ஓர் இடம் என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். கணவன், மனைவி இருவருமே காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு வருபவர்கள் என்றால், 2 மாதக் குட்டியை 12 மணி நேரம் தனியாக விடுவது சரியாக வராது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

எந்த நாய் நம்ம வீட்டுக்குச் செட் ஆகும்?

அழகைவிட முக்கியம், நம் ஊர் வெயிலும் உங்கள் வீட்டு அளவும்.

- ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட்: குளிர் பிரதேசங்களுக்கான அடர்த்தியான ரோமம் கொண்டவை. சென்னை, மதுரை வெயிலில் ஏசி இல்லாமல் வளர்ப்பது அவற்றுக்குத் துன்பம்.
- பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள்: மூச்சுப் பிரச்னை அதிகம் வரும். வெயிலில் ஓடவிட்டால் சீக்கிரமே திணறும்.
- லேப்ரடார்: குடும்பத்தோடு நன்றாகப் பழகும். ஆனால் சாப்பாட்டுப் பிரியர். தினமும் நடக்க வைக்காவிட்டால் உடல் பருத்து, மூட்டுப் பிரச்னை வரும்.
- ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: நம் மண்ணின் நாய்கள், வெயில் தாங்கும். இவற்றில் ராஜபாளையம் 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்தது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை என்பதால், ஓட இடம் வேண்டும். ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்டில் அடைத்து வைத்தால் வீட்டையே புரட்டிப் போட்டுவிடும். வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள்.
- நாட்டு நாய்: தெருவில் பிறக்கும் குட்டிகளைத் தத்தெடுப்பது நல்ல தேர்வு. நம் தட்பவெப்பத்துக்குப் பழகியவை, பராமரிப்பும் எளிது. ஆனால் 'தெரு நாய்க்கு எதுவும் வராது' என்பது தவறு. தடுப்பூசி இவற்றுக்கும் கட்டாயம்.

ரோட்வெய்லர் போன்ற பலம் வாய்ந்த நாய்கள் முதன்முறை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ரோட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கலாம். கட்டுப்படுத்தத் தெரியாத நாயை வளர்ப்பது அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆபத்து.

'45 நாள் குட்டி' ஏன் வாங்கக் கூடாது?

நம் ஊரில் நாய்க்குட்டி என்றாலே '45 நாள்' என்பது ஏதோ விதிபோல ஆகிவிட்டது. ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, 8 வாரத்துக்குக் குறைவான குட்டிகளை விற்கக் கூடாது. அதாவது 56 நாள். இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். வாங்கும்போது பதிவுச் சான்றிதழைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பத்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று தோன்றலாம். அந்த நாட்களில்தான் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் முக்கியமான பாடம் ஒன்றைப் படிக்கிறது. விளையாடும்போது பலமாகக் கடித்தால் மற்ற குட்டி கத்தும், விளையாட்டு நின்றுவிடும். 'இவ்வளவு கடிச்சா போதும்' என்று அதற்குப் புரியும். இந்தப் பாடம் படிக்காமல் வரும் குட்டிதான் பிறகு வீட்டில் எல்லோர் கையையும் கடித்து வைக்கிறது. பால் குடி மறந்து, திட உணவுக்கு வயிறு முழுசாகப் பழகுவதும் இந்த வாரங்களில்தான்.

இன்னொன்று, 45 நாள் என்று சொல்லப்படும் குட்டி சில நேரம் 30 நாள் குட்டியாகவே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் மொத்தம் 28. சுமார் 8 வாரத்துக்குள் எல்லாமே முளைத்துவிடும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால், சொன்ன வயது பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் எதிரிலேயே குட்டிக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். தானாகச் சாப்பிடத் தெரியாத குட்டி, தாயைப் பிரியும் வயதுக்கு இன்னும் வரவில்லை.

நேரில் பார்க்கும்போது என்னென்ன கவனிக்கணும்?

- தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். 'ஊர்ல இருக்கு', 'வேற இடத்துல இருக்கு' என்று இழுத்தால் யோசியுங்கள்.
- கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது.
- காதில் கெட்ட வாடை, கறுப்பு அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.
- உடம்பு ஒட்டிப்போய் வயிறு மட்டும் பந்துபோல உப்பியிருந்தால் குடல்புழு இருக்கலாம்.
- ஆசனவாயைச் சுற்றி மலம் ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு இருக்கலாம்.
- ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தசோகைக்கு வாய்ப்புண்டு.
- தடுப்பூசி போட்டாச்சு என்றால், ஊசி மருந்தின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்தோடு கார்டு கேளுங்கள். வாய் வார்த்தை செல்லாது.

ஆன்லைனில் போட்டோ பார்த்து, அட்வான்ஸ் அனுப்பி, பஸ்ஸில் குட்டியை வரவழைப்பது வேண்டவே வேண்டாம். ஏமாறுவதற்கு எளிதான வழி அது.

பார்வோ: குட்டிகளின் எமன்

ஆரம்பத்தில் சொன்ன அந்த ரத்த வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் பார்வோ வைரஸ். பாதித்த நாயின் மலத்தில் இருந்து பரவும். குட்டி வெளியே போகாவிட்டாலும், உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மண்ணில் மாதக் கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். தொற்றிய 3 முதல் 7 நாட்களில் அறிகுறி தெரியும். வீட்டுக்கு வந்த நான்காம், ஐந்தாம் நாளில் குட்டி படுத்துவிட்டால், விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கலாம்.

'ஒரு ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி வந்துச்சு?' என்று பலர் கேட்பார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பிறந்த குட்டிக்குத் தாயின் முதல் பாலான சீம்பாலில் இருந்து நோய் எதிர்ப்புப் பொருட்கள் கிடைக்கும். அதை ஒரு குடையாக நினைத்துக்கொள்ளுங்கள். குடை விரிந்திருக்கும் வரை நோய் எளிதில் அண்டாது. ஆனால், தடுப்பூசியையும் அது வேலை செய்ய விடாது. வாரங்கள் போகப்போக குடை சுருங்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் முழுசாக மடங்கும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. சிலவற்றுக்கு 8-வது வாரம், சிலவற்றுக்கு 14-வது வாரம். அதனால்தான் 3 முதல் 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்துவது, மழைக்காலத்தில் ஓட்டைக் குடையோடு வெளியே போவதுபோலத்தான்.

தடுப்பூசி அட்டவணை

- 2-வது வாரம் முதல்: குடல்புழு மருந்து. சுமார் 2 முதல் 3 மாத வயது வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அதன் பின் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை.
- 6 முதல் 8 வாரம்: பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான முதல் கூட்டுத் தடுப்பூசி. '7 இன் 1', '9 இன் 1' என்று கடைகளில் சொல்வது இதைத்தான். எலிக்காய்ச்சலுக்கான பாதுகாப்பும் பல கூட்டு ஊசிகளில் உண்டு.
- 10 முதல் 12 வாரம்: இரண்டாவது டோஸ்.
- 14 முதல் 16 வாரம்: அடுத்த டோஸ். இதைத் தவறவிடவே கூடாது.
- 3 மாதம்: ரேபிஸ் தடுப்பூசி. பூஸ்டர் எப்போது என்பதை டாக்டர் சொல்வார்.
- பிறகு: ஆண்டுதோறும் பூஸ்டர்.

குட்டியின் எடை, உடல்நிலையைப் பொறுத்து தேதிகள் கொஞ்சம் மாறலாம். மெடிக்கலில் ஊசி வாங்கி நாமே போடுவது ஆபத்து. குளிர்ச்சியாகப் பாதுகாக்கப்படாத ஊசி மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். செலவு பயம் இருந்தால் அரசு கால்நடை மருந்தகங்களுக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே நாய் பார்வோவால் இறந்திருந்தால்?

துக்கம் தாங்காமல் அடுத்த வாரமே புதுக் குட்டி வாங்கி வருபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வைரஸ் அதே தரையில் காத்திருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது. அதை நக்கினால் குட்டிக்கும் ஆபத்து. மலத்தை முழுசாக அகற்றிவிட்டு, பிளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, தரையில் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே விலங்குகளை உள்ளே விட வேண்டும். பிளீச்சோடு வேறு எந்த கிளீனரையும் கலக்காதீர்கள். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் தடுப்பூசிகள் முழுசாகப் போட்ட, கொஞ்சம் வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதுதான் பாதுகாப்பு.

'குட்டிதானே கடிச்சுது'ன்னு விடாதீங்க

குட்டியின் உயிரைப் போலவே உங்கள் உயிரும் முக்கியம். பால் பல்தானே, லேசான கீறல்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி போடாத தாய்க்குப் பிறந்த குட்டிக்கும், ரேபிஸ் நாயிடம் கடிபட்ட குட்டிக்கும் ரேபிஸ் வரலாம். மனிதருக்கு ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால், காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

- கடிபட்ட, கீறிய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.
- மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.
- அன்றே அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில் போடுவார்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.
- ரத்தம் வரும் அளவுக்குக் காயம் என்றால், இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். டாக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்து கீறலை மறைப்பார்கள். 'கடிச்சா உடனே சொல்லணும், யாரும் திட்ட மாட்டோம்' என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். குட்டியின் குடல்புழு பிள்ளைகளுக்கும் பரவும். விளையாடிய பிறகு கை கழுவுவதைப் பழக்கப்படுத்துங்கள்.

என்ன சாப்பாடு கொடுக்கணும்?

3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன் பிறகு 2 வேளை. விற்றவர் என்ன உணவு கொடுத்தாரோ அதையே முதல் சில நாள் கொடுங்கள். புது உணவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

வெறும் பால் சோறு, தயிர் சோறு போதாது. வளரும் குட்டிக்குப் புரதம் தேவை. குட்டிகளுக்கான ரெடிமேட் உணவு கொடுக்கலாம். வீட்டு உணவு என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், முட்டையோடு சோறு, கேரட் சேர்க்கலாம். ஆனால் தினமும் வீட்டு உணவு மட்டும்தான் என்றால், சத்துகள் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது.

நம் சமையலறையில் இருக்கும் ஆபத்துகள் இவை:

- வெங்காயம், பூண்டு: ரத்த அணுக்களை அழிக்கும். சாம்பார், குழம்பு ஊற்றிய சோறும் இதில் அடக்கம்.
- திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாயசம், கேசரியில் மறைந்திருக்கும்.
- சாக்லேட்: இதயத்தையும் நரம்புகளையும் பாதிக்கும்.
- வேகவைத்த எலும்பு: பிரியாணி சிக்கன் எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.
- பாராசிட்டமால், இபுப்ரோஃபென்: காய்ச்சலாக இருக்கே என்று நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். விஷமாகிவிடும்.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

முதல் இரண்டு, மூன்று இரவுகள் அழும். அம்மாவைத் தேடுகிறது, அவ்வளவுதான். தனி ரூமில் பூட்டாமல், உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் பழைய துணி விரித்துப் படுக்க வையுங்கள். வந்த அன்றே சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஆளாளுக்குத் தூக்க வேண்டாம். குட்டிக்கு நாளின் பெரும்பகுதி தூக்கம் தேவை. வந்தவுடன் குளிப்பாட்டவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு குளிப்பாட்டும்போதும் மனிதர்களின் சோப்பு, கிருமிநாசினி திரவம் எதுவும் கூடாது.

டாய்லெட் பழக்கம்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குறிப்பிட்ட ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். போனதும் பாராட்டி, ஒரு சின்னத் தீனி கொடுங்கள். 2 மாதக் குட்டியால் பகலில் 2, 3 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது வேண்டாம். நீங்கள் இல்லாதபோது ஒளிந்து போகத்தான் அது கற்றுக்கொள்ளும்.

கடி: கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு நகருங்கள். தாயும் கூடப் பிறந்தவையும் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான். கடிக்க ரப்பர் பொம்மை கொடுங்கள். சுமார் 4 மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும். அப்போது செருப்பு, சோபா எல்லாம் ஜாக்கிரதை!

வெளியே போகாமல் உலகத்தைக் காட்டுவது எப்படி?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் புது மனிதர்கள், புது சத்தங்களுக்கு நாய் பழகும் முக்கியமான காலம் 3 முதல் 14 வாரம். முழுசாக அடைத்து வைத்தால், பிறகு எதைக் கண்டாலும் பயந்து கடிக்கும் நாயாக வளரலாம்.

தீர்வு எளிது. கையில் தூக்கிக்கொண்டு வாசலில், மாடியில் நில்லுங்கள். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், மிக்ஸி சத்தம், கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்தில் இருந்து கேட்கட்டும். தீபாவளிக்கு முன்பே பட்டாசு சத்தத்தைப் போனில் மெதுவாக வைத்துப் பழக்கலாம். ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கும் வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாம். தெருவில் நடக்க வைப்பது கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான். அப்போதும் மதிய வெயிலில் தார் ரோடு வேண்டாம். உங்கள் புறங்கையைத் தரையில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

- இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாமல் சுருண்டு படுத்தால்
- திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால்
- மலத்தில் ரத்தம், கடுமையான துர்நாற்றம் இருந்தால்
- ஈறு வெளிறினால்
- வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால்

'காலையில பார்த்துக்கலாம்' என்பதுதான் குட்டிகள் விஷயத்தில் மிக ஆபத்தான வார்த்தை. சின்ன உடம்பு சில மணி நேரத்தில் நீரிழந்துவிடும். பார்வோவாக இருந்தாலும், சீக்கிரம் டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று குட்டி வரும் முன்பே விசாரித்து, நம்பரை போனில் சேமித்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

லைசென்ஸ் வேண்டுமா? சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அபார்ட்மென்ட்டில் நாயே கூடாது என்கிறார்களே? குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்கு முழுத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதேசமயம், பொது இடத்தில் சங்கிலியோடு அழைத்துச் செல்வது, மலத்தை அள்ளுவது உங்கள் பொறுப்பு.

வளர்க்க முடியாவிட்டால் தெருவில் விடலாமா? கூடாது. பசி, தாகத்தால் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் சாப்பாடு தேடவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. நம்பகமான வேறு குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதுதான் வழி.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை '45 நாள் குட்டி, இன்னிக்கே எடுங்க' என்று மெசேஜ் வந்தால், 'இன்னும் ரெண்டு வாரம் அம்மாகிட்டயே இருக்கட்டும், அப்புறம் வந்து பார்க்கிறேன்' என்று பதில் அனுப்புங்கள். காத்திருக்கச் சம்மதிக்காதவரிடம் குட்டி வாங்காமல் இருப்பதே நல்லது.

(இவை பொதுவான தகவல்கள். உங்கள் குட்டிக்கான மருந்து, தடுப்பூசி தேதிகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.)